பதில் எழுதாமல் போன ஹமீதுக்கு

அன்பு மச்சான் ஹமீது,

பாஸாகிவிட்டேன்டா. இதை முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். அது முடியாது என்பதால் நேற்று முழுக்க யாரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு திரிந்தேன். அம்மா கேட்டதற்குக்கூட இன்னும் ஒட்டவில்லை என்று பொய் சொன்னேன்.

ஆஸ்பத்திரிச் சுவரில் எண்களை ஒட்டியிருந்தார்கள். என் எண் இருந்தது. அதற்கு அடுத்தது உன்னுடையது, அது இல்லை. பரீட்சைக்கே வராதவன் எண்ணை எவன் ஒட்டுவான்? ஆனாலும் பார்த்தேன். மேலிருந்து கீழே பார்த்து, கீழிருந்து மேலே பார்த்து, பின்னால் நின்ற ஒரு சீனர் தோளைத் தட்டி நகரச் சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் படித்துக்கொள்ளட்டும். உன்னைப் பற்றி நாலு பேருக்குத் தெரிந்தால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. உன்னைத் தெரியாதவர்களுக்கு: நீ சிராங்கூன் சாலையில் உன் மாமாவின் மளிகைக் கடையில் நின்றவன். நான் ஜாலான் புசாரில் ஒரு பல் டாக்டரிடம் கருவி கழுவுகிறவன். யுத்தம் வந்து, ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தை மூடும்வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நீ என்னை மச்சான் என்பாய், நான் உன்னை மச்சான் என்பேன். யார் வீட்டுப் பெண்ணை யார் கட்டினான் என்று உன் உம்மா கேலி செய்வார்.

மருத்துவக் கல்லூரியை மறுபடி திறக்கிறார்களாம், பல் வைத்தியத்துக்கும் ஆள் எடுக்கிறார்களாம் என்ற பேச்சைக் கொண்டுவந்தவனே நீதான். அதில் சேர்ந்தவனை வேலைப்படைக்கு இழுக்க மாட்டார்களாம். நம் தெருவிலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடப் போன பிள்ளைகளில் ஒருவனும் திரும்பாத சமயம் அது. என் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை, உன் உம்மாவுக்கு நீ ஒரே பிள்ளை. "பல்லப் புடுங்கியாவது இந்த ஊர்லயே கெடப்போம்டா வேலு" என்றாய். நான் சிரித்தேன். சிரித்தாலும், பரீட்சையில் தேறாவிட்டால் அடுத்த லாரியில் நாம்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது.

புத்தகம் குதிரைக்கொம்பாக இருந்தது. எலும்பும் பல்லும் பற்றிய ஒரு புத்தகத்தை என் டாக்டர் கொடுத்தார். ரசாயனப் புத்தகம் ஒன்றை நீ யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கி வந்தாய். இரண்டையும் இரண்டு பேரும் படிக்க நேரம் போதாது என்று பெரிய மந்திரி மாதிரி திட்டம் போட்டாய். உடம்பும் பல்லும் எனக்கு, ரசாயனம் உனக்கு. ஆளுக்கு ஒரு பாதியைக் கரைத்துக் குடித்துவிட வேண்டியது, பரீட்சைக்கு முந்தின மாதம் உட்கார்ந்து ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்துக்கொள்ள வேண்டியது. எனக்கும் அது மகா புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. நம்மில் ஒருவன் இல்லாமல் போவான் என்று எந்த மடையன் நினைப்பான்?

குறிப்பு எடுப்பதில்தான் நமக்குள் முட்டிக்கொண்டது. நான் புத்தகத்தில் இருப்பதை வரி பிசகாமல் எழுதுகிறவன். உனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். படிக்கும்போது எழுதாதே, மூடிவைத்துவிட்டு எழுது என்பாய். தமிழில் சொல்லிப் பார், தமிழில் சொல்ல வராவிட்டால் உனக்கு அது புரியவே இல்லை என்பாய். நீயோ கேள்வியை மட்டும்தான் எழுதுவாய். பதிலை எங்கேயும் எழுத மாட்டாய்.

"பதில எழுதி வச்சா அது காகிதத்துல உக்காந்துக்கும்டா, மண்டைக்குள்ள வராது" என்றாய். "கேள்வியப் பாத்ததும் பதில் வாயில வரணும்."

காகிதமும்தான் ஏது? மாமா கடையில் சாமான் மடிக்கிற தாளின் ஓரத்தைக் கிழித்து, ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாய். அரிசி வரிசையில் நிற்கும்போது ஒன்றை எடுத்துப் பார்ப்பாய். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பாய். பதில் வந்தால் அது வலது பைக்குப் போகும், வராவிட்டால் இடது பைக்கு. இடது பை காலியாகாமல் வீட்டுக்குப் போக மாட்டாய். மந்திரம் ஓதுகிறான் என்று வரிசையில் நின்றவர்கள் நினைத்தார்கள். ஒரு கிழவி உன்னிடம் தன் பேத்திக்கு ஓதி ஊதச் சொல்லிக் கேட்டது, நீயும் கூச்சமில்லாமல் ஊதிவிட்டு வந்தாய்.

சாயங்காலம் ஜாலான் புசாரிலிருந்து சிராங்கூன் சாலை வரைக்கும் நடந்துகொண்டே என் பாதியை நான் ஒப்பிப்பேன். நீ கேட்கிற மாதிரியே தெரியாது. கடைகளைப் பார்ப்பாய், கொட்டாவி விடுவாய், எதிரே சைக்கிளில் வருகிறவனிடம் நலம் விசாரிப்பாய். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். சுவரிடம் சொன்னாலும் எதிரொலியாவது வரும் என்று திட்டியிருக்கிறேன். என் காது என் தலையிலதான் இருக்கு, நீ சொல்லு என்பாய். ஜப்பான் பாஷைக்கு மட்டும்தான் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம், சேர்ந்தே அழுதோம்.

பாதிகளை மாற்றிக்கொள்ள வேண்டிய மாதம் வந்தபோது உனக்குக் காய்ச்சல் வந்தது.

முதலில் குளிர்காய்ச்சல்தானே என்றுதான் இருந்தோம். ஊரில் யாருக்கு வரவில்லை? கொய்னா மாத்திரைக்கு உன் மாமா அலைந்தார், நானும் டாக்டரிடம் காலில் விழாத குறையாகக் கேட்டேன். எங்கேயும் இல்லை. உம்மா நிலவேம்பு காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மத்தியானத்தில் வந்து உன் பாய் ஓரமாக உட்காருவேன். நீ கண்ணை மூடினால் எனக்குப் பயமாக இருந்தது ஹமீது. உன்னைப் பேச வைப்பதற்காக உன் சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன்.

அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். நீ கண்ணைத் திறக்காமல் பதில் சொன்னாய்.

"மேல் கடவாய்ப் பல்லுக்கு மூணு வேரு. கீழ் கடவாய்ப் பல்லுக்கு ரெண்டு. கோரப்பல்லுக்கு ஒண்ணே ஒண்ணு, ஆனா அதுதான் எல்லாத்துலயும் நீளம்."

அது இல்லைடா, ரசாயனம் கேட்கிறேன் என்றேன். வெள்ளியும் பாதரசமும் சேர்ந்தால் ஏன் இறுகுகிறது என்று அடுத்த துண்டைப் படித்தேன். நீ பால்பல் விழுகிற வரிசையைச் சொன்னாய். சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதினால் ஏன் வெளுக்கிறது என்றேன். தாடை எலும்பு எங்கே மடங்குகிறது, நரம்பு எந்த ஓட்டை வழியாக வருகிறது என்று சொல்லிக்கொண்டே போனாய். அத்தனையும் என் பாதி. நான் நடந்துகொண்டே சொன்ன அதே சொற்கள், அதே வரிசை. நடுநடுவே நான் தொண்டையைக் கனைப்பேனே, அதையும் சேர்த்துச் செய்தாய்.

காய்ச்சல் வேகத்தில் வேண்டுமென்றே கேலி செய்கிறாய் என்றுகூட நினைத்தேன். கேலி இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே என்னை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாய். உன் பாதி எங்கேயோ கரைந்து போய், என் பாதி மட்டும் உன்னிடம் மிஞ்சியிருந்தது. நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். நீ நிறுத்தவில்லை, குரல் தேய்கிறவரை சொன்னாய். உம்மா வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருந்தார். நான் அழவில்லை. சரி, சரி, எல்லாம் சரி என்று ஒவ்வொரு பதிலுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் உன்னை அடக்கம் செய்தார்கள். உன் மாமா என்னையும் கூப்பிட்டு மண் போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு உம்மா அந்தத் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் கொடுத்தார். எல்லாம் கேள்வி. ஒன்றில்கூடப் பதில் இல்லை. உன் பிடிவாதத்தை நான் எவ்வளவு திட்டினேன் தெரியுமா? ஒரே ஒரு பதிலை மறந்தாற்போல் எழுதியிருக்கக் கூடாதா? உன் கையெழுத்தில் எனக்கு ஒரு பதில் இருந்திருக்குமே.

ரசாயனப் புத்தகத்தை மறுபடி இரவல் வாங்கித் தனியாக உட்கார்ந்தேன். அதுதான் கொடுமை. நானே கேட்டு நானே பதில் சொன்னால் தப்பும் சரி மாதிரியே கேட்கிறது. தமிழில் சொல்லிப் பார்த்தேன், எதிரே ஆள் இல்லாமல் தமிழ் வரமாட்டேன் என்றது. சாயங்காலம் அதே வழியில் ஒப்பித்துக்கொண்டு நடந்தேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பெட்டிக்கடைக்காரர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா பயந்துபோய்க் கோயிலில் விபூதி வாங்கி வந்து பூசினார். இந்த ஊரில் இத்தனை ஜனம் இருக்கிறது, என்னிடம் ஒரு கேள்வி கேட்க ஒரு ஆள் இல்லை. அவ்வளவு தனியாக நான் அதற்கு முன்னால் இருந்ததே கிடையாது.

பரீட்சை அன்று வரிசையாக உட்கார வைத்தார்கள். நாம் இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ப் பெயர் கொடுத்தோம் அல்லவா, அதனால் எனக்கு அடுத்த நாற்காலி உனக்கு. உன் எண்ணை ஒட்டி, காகிதமும் வைத்திருந்தார்கள். ஜப்பான் அதிகாரி பெயரைப் படித்துக்கொண்டே வந்தார். என் பெயருக்கு நான் பதில் சொன்னேன். அடுத்து உன் பெயர். தலையைத் தூக்கி இன்னொரு முறை கூப்பிட்டார். எல்லோரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். செத்துப்போனான் என்பதற்கு ஜப்பான் பாஷையில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. 'இமாசென்' என்பது மட்டும் தெரியும், நாம் சேர்ந்து படித்ததுதான். ஆள் இல்லை என்று அர்த்தம். அதைச் சொன்னேன். அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நீ போனதிலிருந்து யார் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னேன். அதற்குப் பிறகு கேள்வித்தாளைப் பார்க்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ரசாயனத்தில் பாதிதான் எழுதினேன். பல்லும் எலும்பும் பற்றிக் கேட்டதை எல்லாம் எழுதினேன். எழுதும்போது என் குரல் என் காதில் விழவில்லை, உன் குரல்தான் விழுந்தது.

பாஸான சேதியை உம்மாவிடம் எப்படிச் சொல்வது? அவர் மகன் உட்கார வேண்டிய இடம் அது. சொல்லாமல் இருந்தால் இன்னும் அநியாயம். இன்று மத்தியானம் போனேன். உம்மா மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். கத்தி நின்றது. அழுவார் என்று நினைத்தேன். நீயாவது இந்த ஊரில் இருப்பாய் என்று மட்டும் சொன்னார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். கன்னத்தை விரலால் இழுத்து வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பல் கறுத்துக் குழி விழுந்து கிடந்தது. சுற்றிலும் ஈறு சிவந்திருந்தது.

"ஹமீது படிச்சுட்டு வந்து எடுப்பான்னு வச்சிருந்தேன். யாருட்டயும் காட்டல" என்றார். "எத்தன வருசம்ப்பா படிக்கணும்?"

"நாலு வருசம், உம்மா."

ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணினார்.

"நாலு வருசம்தானே, பொறுத்துக்குறேன். நீ வந்து எடு."

மச்சான், அந்தப் பல் நாலு மாதம்கூடத் தாங்காது. கருவி கழுவுகிற எனக்கே அது தெரிகிறது, வலியோடு தூங்குகிற உம்மாவுக்குத் தெரியாதா? ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன், உன் பாய் ஓரத்தில் அழாததையும் சேர்த்து. உம்மா என்னைத் தடுக்கவில்லை. கிழங்கை வேகவைத்துத் தின்னக் கொடுத்தார்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் கிராம்பு கொண்டுபோய் உம்மாவுக்குக் கொடுப்பேன். பல் வீங்கி இனிமேல் முடியாது என்கிற அன்றைக்கு, எவ்வளவு அடம் பிடித்தாலும் என் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன். மரத்துப்போக ஊசி கிடையாது, வலிக்கத்தான் செய்யும். அவர் எடுக்கும்போது உம்மாவின் தலையை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதற்குப் பிறகு அந்த வாயில் மிச்சம் இருக்கிற பல்லுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. வேறு ஒருவனும் கை வைக்க மாட்டான்.

உன் மச்சான்,
உன் உம்மாவிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்ல இனி உரிமை உள்ளவன்,
தங்கவேலு