செல்வத்தின் சிரிப்பு

மார்ச் 12, வியாழன்

டிவிக்காக எடுத்த டெலிமூவியின் கடைசிக் காட்சியை எடுப்பதற்குள் வில்லனாக நடித்த செல்வம் அண்ணன் இறந்துவிட்டார். ஏற்கெனவே எடுத்துப் பயன்படுத்தாமல் மிச்சமிருந்த காட்சிகளைத் துழாவி, அவர் சிரிக்கும் ஷாட் ஒன்றைக் கதாநாயகியின் அழுகைக்குப் பின்னால் ஒட்டினேன். அழுகிறவளைப் பார்த்துச் சிரிக்கும் கொடியவனாகிவிட்டார். கச்சிதமாகப் பொருந்தியது. எடிட்டர் வேலையில் அந்த நொடிதான் போதை.

இன்று அவர் மனைவி மேரி அக்கா எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்கு வந்து படத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது என்னையப் பார்த்துச் சிரிச்சதுலா. அன்னிக்கு ஷூட்டிங்குக்கு நான் சாப்பாடு கொண்டு போனேன். படத்துலருந்து எடுத்துருங்க."

டைரக்டரிடம் சொன்னேன். "வேற ஷாட் இல்ல பாஸ், நாளைக்கு டெலிகாஸ்ட்," என்றார்.

வெட்டாத முழு ஷாட்டை அக்காவுக்குப் போட்டேன். அதில் அண்ணன் சிரித்ததும், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்கிறார். அக்கா வெகுநேரம் ஹெட்போனைக் கழற்றவில்லை.

நான் எதையும் மாற்றவில்லை. நாளை எல்லார் வீட்டிலும் அவர் அந்த அழுகையைப் பார்த்துத்தான் சிரிப்பார்.