தீனி குறைந்த வீடு

நாமக்கல்
12.8.1984

வசந்தாமணிக்கு,

பண்ணையில் கோழிகள் எல்லாம் சுகம். வீட்டைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

டாக்டர் சொன்னார் என்று நம் பூங்கோதையைக் காலையில் பள்ளி மைதானத்தில் ஓட விட்டேன். அதற்காகக் கோபித்துக்கொண்டு நீ பரமத்தி வேலூரில், அம்மா வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாய். "ஓடினா இன்னும் பசிக்குமுங்க, தின்னுதின்னு இன்னும் பெருத்துப்போவா. அப்புறம் எவன் கட்டுவான்?" என்று கத்தினாயே, நடந்தது தலைகீழ். ஓடி வந்தால் இரண்டு இட்லிக்கு மேல் தொடமாட்டேன் என்கிறாள்.

கோழி தீனி தின்பதைக் குறைத்தால் சீக்கு என்றுதானே நமக்குத் தெரியும்? பதறிப்போய் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த மனுசன் சிரிக்கிறார்.

"கோழிக் கொட்டாய்க் கணக்கைப் பொண்ணுகிட்டப் பாக்காதீங்க. வேர்க்க வேர்க்க ஓடினா கொஞ்ச நேரத்துக்குப் பசி அடங்கும். ஒடம்பு தன் கொழுப்பையே எரிச்சுக்கும்."

எரிகிறதாம்! தீனி மூட்டை நிறுக்கும் தராசில் அவளை ஏற்றிப் பார்த்தேன், முள் அசையக் காணோம். எனக்குத்தான் எரிச்சல், அவளுக்கு இல்லை. "மாடிப்படி ஏறினா இப்ப மூச்சு வாங்கறதில்லீங்கப்பா, அது போதும்" என்கிறாள். இவளை நிறுத்தச் சொல்ல என்னால் ஆகாது. நீயே வந்து சொல்லிப் பார்.

சனிக்கிழமை முட்டை லாரி வேலூருக்கு வருகிறது. திரும்பும்போது ஏறிக்கொள்.

அவள் சாப்பாடு குறைந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. இந்த வீட்டில் இன்னொரு ஆளுக்கும் சோறு இறங்கவில்லை. அந்த ஆள் ஓடுவதும் இல்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்