இடப்பக்கத்து முழங்கை

என்னங்க,

நெம்மேலி உப்பங்கழிக்கு இன்று நான் மட்டும் போனேன். பூநாரைகள் வந்துவிட்டன. தண்ணீரில் நின்றவரை வெள்ளையாகத்தான் தெரிந்தன. ஒருசேரச் சிறகு விரித்தபோதுதான் பார்த்தேன், உள்ளே அத்தனை சிவப்பை ஒளித்து வைத்திருக்கின்றன! கழுத்தில் கேமரா தொங்கியதே மறந்துபோனது.

பறவை கண்டால் பேசாமல் முழங்கையைப் பிடிப்பது நம் வழக்கமாயிற்றே. அந்த நினைப்பில், நீங்கள் எப்போதும் நிற்கும் இடப்பக்கத்தில் இருந்த கையைப் பிடித்துவிட்டேன். இறால் பிடிக்க வந்த ஒரு அம்மாவின் கை அது.

"இன்னாம்மா?" என்று திரும்பியவர் அண்ணாந்து பார்த்தார். "யம்மாடி! தெனம் இங்கதான் கீறேன், இப்டி பாத்ததே இல்ல" என்று என் கையை இறுக்கிக்கொண்டார்.

நீங்கள் கோபித்துக்கொண்டு போயிருக்கும் உங்கள் அக்கா வீட்டுக்கு நான் போன் செய்யமாட்டேன். ஞாயிறு காலை கழிக்கரையில் இருப்பேன். அந்த அம்மாவை என் வலப்பக்கம் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

கோபம் பாதி தீர்ந்த,
உங்கள் மனைவி