ஒரு பிடி பார்லி

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? அங்கே அயர்லாந்தில், நம் லீட்ரிமில் மழை விட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்காட்லாந்துச் சாப்பாடும் பழகிவிட்டது.

இந்த ஆராய்ச்சிப் பண்ணையில் ஒவ்வொரு காளைக்கும் தனித் தொட்டி. காதில் மாட்டிய எண் வில்லையைப் பார்த்துத்தான் தொட்டியின் கதவு திறக்கும். தின்றதைக் கிராம் கணக்கில் குறித்துக்கொள்ளும். 417ஆம் எண் காளை மட்டும் என்னைக் கண்டால் ஓடி வரும். நம் தொழுவத்தில் நீங்கள் செய்வதுபோல, நானும் தினமும் பாக்கெட்டிலிருந்து ஒரு பிடி பார்லி கொடுத்துவந்தேன். மேலாளர் ஃபர்கஸ் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இது உங்கப்பன் தொழுவம்னு நெனச்சியா? பன்னெண்டு வாரக் கணக்கும் போச்சே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள்.

417ஐ ஆய்விலிருந்து நீக்கினார்கள். அப்படியென்றால் வெட்டுக்குப் போகாமல் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை மற்றவற்றோடு அதையும் வெட்டுக்கு அனுப்பினார்கள். லாரியில் ஏறவே மாட்டேன் என்றது. என்னைக் கூப்பிட்டார்கள். வெறுங்கையை நீட்டினேன், ஏறிவிட்டது.

ஃபர்கஸ் அழைக்கிறார், நிறுத்துகிறேன். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அம்மாவை ஒரு கம்பளிச் சட்டை பின்னி அனுப்பச் சொல்லுங்கள். பாக்கெட் மட்டும் வைக்க வேண்டாம்.

உங்கள் ஓர்லா