கிழக்குச் சுவரில் ஒரு வாசல்

என் ஆசை அண்ணைக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். இங்கே ஒஸ்லோவில், ஸ்டோவ்னர் நிலையத்தில் என்னோடு ரயிலுக்கு நின்ற ஆறு பேர் சாட்சி. பத்துப் பேர் என்றும் சொல்லலாம்.

நீங்கள் கண்ணை மூடிய அடுத்த வருடம் உங்கள் மகள் துளசி வேல்ஸில் ஒரு பழைய பண்ணைக் கொட்டிலை வாங்கினாள், திருத்திக் குடியிருக்க. கல்லுச் சுவர், அரண்மனை மாதிரி. இருநூறு வருடப் பழசாம். என் கணக்கில் ஐந்நூறு. அரசாங்கம் பாதுகாக்கிற கட்டடம். அனுமதியில்லாமல் ஒரு கல்லை அசைத்தாலும் குற்றம்.

வாசல் தெற்குப் பார்த்தது. குடிபுகுந்து பால் காய்ச்ச முதல் கிழக்கே ஒரு வாசல் வேண்டும் என்று ஒஸ்லோவிலிருந்து தொலைபேசியில் சொன்னவன் நான்தான். உங்கள் இடத்தில் நின்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

"சித்தப்பா, இஞ்சை அப்பிடி உடைக்க விடமாட்டினம்."

"ஆர் புதுசா உடைக்கச் சொன்னது? முந்தி இருந்த வாசலைத் திறக்கிறது. பழைய படமொண்டிலை கண்டனான் பிள்ளை."

"உண்மையாவோ?"

"ஸ்ட்ராபெரி பிடுங்கப் போன காலத்திலையே நோர்வேக் கொட்டில் முழுக்க அளந்தவனடி நான்!"

சிரித்தாள். நம்பினாள். இருந்த வாசல்தானே என்று யாரையும் கேளாமல் கல்லைக் கழற்றுவித்தாள். சுவர் கூரைவரை வெடித்துவிட்டது.

அதிகாரி வந்து வேலையை நிறுத்திவிட்டார். வியாழக்கிழமை திரும்பி வருகிறாராம், துளசி சொன்ன அந்தப் படத்தைப் பார்க்க. இல்லையென்றால் வழக்கு. பிள்ளையின் பெயர் குற்றவாளி என்று பதிவாகிவிடுமோ? அந்தச் சுவர் யாருடைய தலையிலாவது விழுந்துவிடுமோ?

"படத்தை அனுப்புங்கோ சித்தப்பா, பயமாக் கிடக்கு" என்று நேற்று அழுதாள். இன்றைக்கு ட்வெய்ட்டாவில் ஒரு கடைக்குள் தொலைபேசி அடிக்க, பால் பெட்டியைக் கீழே போட்டுவிட்டேன். "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்றாள் மனுசி. பிரஷர் என்றேன்.

நீங்கள் இருந்திருந்தால் "டேய், வாயைத் திறந்து உண்மையைச் சொல்லடா" என்று ஒரு அதட்டுப் போட்டிருப்பீர்கள். அதற்குப் பயந்தாவது சொல்லியிருப்பேன்.

பின்வாங்க முடியாமல் இருக்கத்தான் இதை நாலு பேர் படிக்கப் பொதுவில் போடுகிறேன். இன்றைக்கே துளசியிடம் சொல்வேன். புதன்கிழமை விமானம் ஏறுவேன். அதிகாரிக்கு முன்னால் அவளுக்குப் பக்கத்தில் நின்று, என் வாயால் வந்தது என்று சொல்வேன். இது சத்தியம்.

அண்ணை, அந்தச் சுவரில் வாசல் இருந்ததாக நான் எந்தப் படத்திலும் காணவில்லை. அப்படியொரு படமே இல்லை.

உங்கள் பிள்ளைக்குச் சித்தப்பன்,
உங்கள் தம்பி