சண்டை போடத் தெரியாத இயந்திரம்

என் பிரியமுள்ள சேகர் மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. உனக்கு இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது ஒரு சினிமா. சிரிக்காதே.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை வசந்தி சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வந்திருந்தாள். உன் பெண்டாட்டியாக இருந்தாலும் எனக்குத் தங்கைதானே, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாளே என்று நான்தான் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். செயற்கை அறிவு பற்றிய படம் என்றார்கள். துப்பாக்கியும் பறக்கிற காரும் இருக்கும் என்று நினைத்துப் போனால், கதை வேறு மாதிரி.

புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, அவன் அனுப்பிய மெசேஜ், பேசிய பேச்சு, போட்டோ எல்லாவற்றையும் ஒரு இயந்திரத்துக்குள் போட்டு, அவனை மாதிரியே செய்துவிடுகிறாள். அதே முகம், அதே தும்மல். அவள் என்ன சொன்னாலும் அது சரி என்கிறது. கடைசியில் அவளுக்குத் தலை நரைத்துவிடுகிறது, அது மட்டும் இளமையாகவே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு உயிர் உண்டா, இல்லையா? எனக்கு இப்போதும் விளங்கவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் இடைவேளைக்குள் முழுக் கதையையும் சொல்லி, பின்வரிசைக்காரரிடம் திட்டும் வாங்கித் தந்திருப்பாய்.

நான் அழுதுவிட்டேன் மச்சான். வெட்கமாகத்தான் இருந்தது. உன்னையும் அப்படி ஒன்று செய்துவைத்தால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. வசந்தி கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ்ஸுக்காக நிற்கும்போது கேட்டேன். “ஏன் பாப்பா, படம் புடிக்கலையா?”

“எனக்குக் கோவந்தான் வந்துச்சு. அது ஒரு நாளாச்சும் அவகிட்ட சண்டை போட்டுச்சா? நம்ப அவுரு சண்டை போடாம ஒரு வேளை சோறு தின்னிருப்பாரா?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“வாராவாரம் வந்து அவுரு சட்டைய தேச்சு மாட்டிட்டுப் போற. அவுரு போனுக்கு ரீசார்ஜ் போடுற. வண்டிய ஸ்டார்ட் பண்ணி உறும வுட்டுட்டுப் போற. தெருவுல இருக்கவுங்க அவுரு வந்துட்டாருன்னு திரும்பிப் பாக்கறாங்க. அந்தப் பொம்பள செஞ்சத நீ என் ஊட்ல செஞ்சிட்டு இருக்கண்ணா. அதுகூடதான் நான் குடும்பம் நடத்திட்டு இருக்கேன்.”

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். குறிஞ்சிப்பாடியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஒருவர், மனைவியை இழந்தவர், இவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். இவளுக்கும் சம்மதம்.

“அப்பா இல்ல, நீதான் போயி பேசணும். உனக்கு மனசு இல்லன்னா சொல்லிடு. நான் வேணான்னு சொல்லிடறேன்,” என்றாள்.

பஸ் வந்துவிட்டது. நான் “பாக்கலாம்” என்றேன். எவ்வளவு கேவலமான பதில்!

அன்றிலிருந்து மண்டை குழம்பிப்போய்க் கிடக்கிறேன். மருந்துக் கடை வேலையில்கூட, ஒருவர் இருமலுக்குக் கேட்க, வயிற்றுப்போக்குக்கான மாத்திரையை எடுத்து நீட்டினேன். நல்லவேளை, அவரே பார்த்துவிட்டார். தங்கை பக்கம் நிற்பதா, உன் பக்கம் நிற்பதா? உனக்கென்று இப்போது ஒரு பக்கம் இருக்கிறதா?

படத்தில் வந்த இயந்திரத்தைக் கேட்டால், ‘உன் சந்தோஷம்தான் என் சந்தோஷம்’ என்று உடனே சொல்லிவிடும். நீ அப்படிச் சொல்கிற ஆளா? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாய். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாய். அப்புறம் நீயே வந்து “சரி வுடு மச்சான்” என்பாய். என்பாய்தானே? எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. உன்னை முழுக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஞாயிறு, வழக்கம்போல் சிதம்பரம் போனேன். கை பழக்கத்தில் உன் வண்டிச் சாவியை எடுத்துவிட்டது. வசந்தி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது மச்சான். காதோரம் நரைத்திருக்கிறது. சுவரில் போட்டோவுக்குள் நீ அப்படியே இருக்கிறாய்.

சாவியை அவள் கையில் கொடுத்தேன். “வெள்ளிக்கிழமை குறிஞ்சிப்பாடி போயி பேசிட்டு வரேன்,” என்றேன்.

“சாப்ட்டுட்டுப் போண்ணா,” என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளை நினைத்து நான் பயப்படவில்லை, என்னை நினைத்துத்தான். வசந்தி வழியாகத்தானே நீ எனக்கு உறவு? அவள் இன்னொருவர் வீட்டுக்குப் போய்விட்டால் நான் உனக்கு யார்? இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது?

வெள்ளிக்கிழமை போவேன். நல்லபடியாகப் பேசுவேன். அந்த மனிதர் என்னை மச்சான் என்று கூப்பிட்டால் உன் ஞாபகம் வரும், வரட்டும். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் “சொல்லுங்க மச்சான்” என்பேன். இது சத்தியம்.

அதற்குப் பிறகும், நீ நேரில் வந்து சண்டை போட்டு ‘நீ எனக்கு மச்சான் இல்லை’ என்று சொல்லும்வரை,

உன் மச்சான்,
குமரவேல்