பாலன் கேட்ட கம்ப்யூட்டர்

சுங்கை வே,
27.9.1998, ஞாயிறு.

அன்புள்ள தம்பி பாலனுக்கு,

அக்கா ரமணி எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். இங்கே அம்மாவும் அத்தானும் நானும் இருக்கிறோம்.

போன செவ்வாய்க்கிழமை காஜாங் ஜெயிலுக்கு வந்தும் உன்னிடம் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ டெலிபோனைப் பிடித்தபடி நிற்க, இந்தப் பக்கம் அம்மாவும் நானும் மாற்றி மாற்றி அழுததிலேயே நேரம் முடிந்துவிட்டது. "கம்ப்யூட்டர் விஷயத்தை லெட்டர்ல எழுதுக்கா" என்று கடைசியில் நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. கடிதத்தில் அழுகை தெரியாது. அம்மாவின் கால் புண் இன்னும் ஆறவில்லை. அடுத்த முறை பஸ் ஏறி வருவார்களா, தெரியாது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸில் வக்கீல் இராமலிங்கத்தைப் பார்த்தேன். கடைசிக் கோர்ட்டும் அப்பீலைத் தள்ளிவிட்டதால் தூக்கை நிறுத்த இனி மன்னிப்பு மனு ஒன்றுதான் என்றார். உன் பள்ளிக்கூட வாத்தியாரிடமும் கோயில் கமிட்டியிடமும் நற்சான்றுக் கடிதம் வாங்கி வரச் சொன்னார். தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலில் நீ நிற்கும் போட்டோ இருந்தால் அதையும் கேட்டார். "இதெல்லாம் போதுமா சார்?" என்றேன். "போட்டு வைப்போம்மா" என்றார்.

ஃபேக்டரியில் எங்கள் லைனில் மட்டும் நாற்பது பேரை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வேலை இருக்கிறது, ஓவர்டைம்தான் இல்லை. அத்தானுக்கும் துறைமுகத்தில் சரக்கு குறைந்து லோரி பாதி நாள் சும்மா நிற்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீ எழுதிய கம்ப்யூட்டர் சாமான்களை ஒரே தடவையில் வாங்க முடியாது. மாதம் ஒன்றாக வாங்குகிறேன்.

நேற்று சாமான் வாங்க இம்பி பிளாசா கடைகளுக்குப் போனேன். நீ உள்ளே போன தொண்ணூற்று நான்கில் 486 கம்ப்யூட்டர் என்றால் பெரிய பேச்சு. இப்போது அந்தப் பெயரைச் சொன்னாலே கடையில் சிரிக்கிறார்கள். நான் கையால் எழுதி அனுப்பிய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு, பார்க்காத சாமானைப் பற்றி நீ எப்படித்தான் இவ்வளவு யோசித்தாயோ. பெண்டியம் டூ வேண்டாம், செலரான் 300ஏ வாங்கு, அதை நானூற்றைம்பது வேகத்தில் ஓடவைக்கலாம் என்று எழுதியிருந்தாயே, அதை அப்படியே சீனக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாஹ், அக்கா ரொம்பக் கெட்டிக்காரி லா, யார் சொல்லிக் குடுத்தது?" என்று மலாயில் கேட்டார். என் தம்பி என்றேன். எங்கே வேலை செய்கிறான் என்றார். வெளியூரில் என்று சொல்லிவிட்டேன்.

சிப் வாங்கியாகிவிட்டது. மதர்போர்டில்தான் குழப்பம். ஒன்று விலை குறைவு, டிஸ்ப்ளே அதிலேயே சேர்ந்திருக்கிறது. ஆனால் பின்னால் பெரிய சிப்போ நல்ல கார்டோ போட முடியாதாம். இன்னொன்று நூற்றெண்பது வெள்ளி அதிகம். மூன்று நான்கு வருஷத்துக்குப் புதிது புதிதாக மாற்றிக்கொண்டே போகலாமாம். டைப் அடிக்கத்தான் என்றால் முதலாவது போதும், கார் ரேஸ் கேம் தடுமாறாமல் ஓட வேண்டும் என்றால் இரண்டாவதுதான் என்றார். எதை வாங்கட்டும், எழுது.

"யாருக்கு இதெல்லாம்?" என்று அம்மா கேட்டார்கள். பாலனுக்கு என்றேன். சாயங்காலம் பார்த்தால் உன் மேசைமேல் கிடந்த துணியையெல்லாம் எடுத்து மடித்து வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிடாமல் இருக்காதே.

உன் அக்கா,
ரமணி


சுங்கை வே,
24.1.1999.

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரமாகிறது. உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

அதை ஃபேக்டரி பஸ்ஸில் வைத்துப் படித்தேன். "டிஸ்ப்ளே சேர்ந்த போர்டே போதும்க்கா. பின்னாடி எதையும் மாத்த வேண்டி வராது" என்று எழுதியிருந்தாய். பணத்துக்காகச் சொல்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தேன். போன வருஷம் நீ போட்ட முதல் பட்டியலில் எது எழுதினாலும் பக்கத்திலேயே, நான் வந்ததும் இதை மாத்தலாம், அதைக் கூட்டலாம் என்று எழுதியிருப்பாய். இந்தக் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. எல்லாம் இருப்பதிலேயே குறைந்தது, சீக்கிரம் முடிவது.

நான் இரண்டாவது போர்டைத்தான் வாங்கினேன். திட்டினால் திட்டிக்கொள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போகக் கூடாது என்று சொன்ன கடைக்கே போனேன். மற்றக் கடைகளில் அந்த போர்டு தீர்ந்துவிட்டது, உன் பழைய முதலாளி தம்புசாமி அண்ணனிடம்தான் இருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. உன் பட்டியலை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவர், படித்து முடித்த பிறகும் தாளைக் கீழே வைக்கவில்லை. "இது பாலன் கையெழுத்துல்ல?" என்றார். ஆமாம் என்றேன். உன்னைப் பிடித்த மறுநாள் போலீஸ் வந்து கடை முழுவதும் கலைத்துப் போட்டதையும், ஆறு மாதம் யாரும் கடைக்குள் வராததையும் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார். நான் தலை குனிந்து நின்றேன். பிறகு உள்ளே போய் போர்டை எடுத்து வந்து, வாங்கிய விலைக்கே போட்டுக் கொடுத்தார். பழைய டிஸ்ப்ளே கார்டு ஒன்றையும் சோதித்துப் பார்த்துவிட்டுப் பேப்பரில் சுற்றி வைத்தார். "அவன் கட்டின மெஷின் ஒண்ணுகூட ரிப்பேருக்குத் திரும்பி வந்ததில்லம்மா" என்றார். அவரிடம் நீ மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தால், நான் கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

கேசிங் பெட்டி மட்டும் என்னால் வாங்க முடியவில்லை. கடையில் வரிசையாக நிற்கிறது, தொடக்கூட கை போகவில்லை. அத்தான்தான் கிள்ளானில் வாங்கி வந்தார். வாங்குவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் கழற்றி உள்ளே பார்த்தாராம். கடைக்காரன் ஒரு மாதிரியாகப் பார்த்தானாம். ஃபெடரல் ஹைவேயில் போலீஸ் உன்னைத் தடுத்து நிறுத்திய இடம் வந்ததும் லோரியை ஓரமாக நிறுத்திவிட்டாராம்.

பாலா, இதைப் படிக்கும் ஆபீசர்கள் படித்துக்கொள்ளட்டும். தொண்ணூற்று நான்கு தீபாவளிக்கு முன்னால் நீ என்னிடம் கம்ப்யூட்டர் வாங்க ஆயிரம் வெள்ளி கடன் கேட்டாய். ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுக்கிறேன், எனக்கென்று ஒன்று இல்லைக்கா என்றாய். என்னிடம் பணம் இருந்தது. சீட்டு எடுத்து வைத்திருந்தேன். "கேம் விளையாட எவன் பணம் தருவான், வேணும்னா நீயே சம்பாதிச்சு வாங்கிக்கோ" என்றேன். அடுத்த மாதம்தான் உன்னை இதில் மாட்டிவிட்ட அந்த ஆளுக்கு டெலிவரி செய்ய ஆரம்பித்தாய். ஒரு கேசிங்கைக் கிள்ளானில் கொண்டுபோய்க் கொடுத்தால் நூற்றைம்பது வெள்ளி. உள்ளே போதைத்தூள் இருந்தது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று கோர்ட்டில் அத்தனை பேர் கேட்டார்கள். நான் ஒருநாளும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். உன்னை அதற்குள் அனுப்பியது என் வாய்தான். கோர்ட்டில் சாட்சியாக ஏறி இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். வக்கீல், இது கேஸுக்கு உதவாது, பணத்துக்காகச் செய்தான் என்றுதான் ஆகும் என்று தடுத்துவிட்டார். நானும் சரியென்று உட்கார்ந்துவிட்டேன்.

மனு போய்விட்டது. வாத்தியார் நல்ல கடிதம் கொடுத்தார். அடுத்த ஞாயிறு தைப்பூசம். பத்துமலைக்கு நடந்தே போவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா,
ரமணி


சுங்கை வே,
21.3.1999.

என் கண்ணான தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை வக்கீல் ஃபேக்டரி ஆபீசுக்கே போன் செய்தார். லைனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அவர் சொன்னது உனக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. இனி எப்போது வேண்டுமானாலும் ஜெயிலிலிருந்து கடிதம் வரலாம், குடும்பத்தாரை வந்து பார்க்கச் சொல்லி, என்றார். மறுபடி மனுப் போட முடியாதா என்று கேட்டேன். போடலாம்மா என்று மட்டும் சொன்னார். அவரும் என்ன செய்வார், பாவம். நான்கு வருஷமாகப் பாதி ஃபீசுக்கு அலைந்திருக்கிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் நான் வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாமி விளக்கை ஏற்றாமல் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

உன் பதிலும் அன்றைக்கே வந்தது. ஆயிரம் வெள்ளி விஷயம் உனக்கு ஞாபகமே இல்லை என்று எழுதியிருக்கிறாய். "அப்படியா சொன்னே? நான் மறந்தே போயிட்டேங்க்கா" என்று. பொய் சொல்லத் தெரியாதவன் நீ. சின்ன வயதில் பலகாரத்தைத் திருடித் தின்றுவிட்டு வாயைத் துடைக்காமல் வந்து நிற்பாய். போகட்டும், நீ மறந்துவிட்டதாகவே இருக்கட்டும். அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்துவிட்டேன்.

நேற்று காலையில் உன் மெஷினைக் கட்டினேன். தம்புசாமி அண்ணன் தானே வந்து கட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் அண்ணே, நானே செய்கிறேன் என்றேன். இருபது வருஷமாக ஃபேக்டரியில் சிப்பைத் தொட்டுத்தானே பிழைக்கிறேன். சிப் கெடாமல் இருக்க வேலையில் மணிக்கட்டில் கட்டும் வயரைக் கொண்டுவந்து கட்டிக்கொண்டேன். நீ எழுதிய ஆறு பக்கத்தையும் மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டேன். ரேம் உட்காரும்போது 'டக்' என்று சத்தம் வரும், பயப்படாமல் அழுத்து என்று எழுதியிருந்தாய். பயந்துகொண்டேதான் அழுத்தினேன். அத்தான் டார்ச் பிடித்தார். ஒரு ஸ்க்ரூ கட்டிலுக்கு அடியில் உருண்டுபோய், அதைத் தேடவே அரைமணி நேரம்.

சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒன்றுமே இல்லை. உன் ஆறு பக்கத்தையும் மறுபடி புரட்டினேன். பின்னால் இருக்கும் சின்ன சுவிட்சை அத்தான்தான் கண்டுபிடித்தார். அதையும் போட்டதும் காற்றாடி சுற்றியது. ஒரே ஒரு 'பீப்'. ஒன்று வந்தால் எல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், இரண்டு மூன்று வந்தால்தான் கோளாறு என்று எழுதியிருந்தாயே. ஒன்றுதான் வந்தது, பாலா. அத்தானையும் கேட்டேன், அவரும் ஒன்றுதான் என்றார். அம்மா எழுந்து வந்து கேசிங்குக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்து, "சூடா வருதே, உயிர் இருக்கிற மாதிரி" என்றார்கள். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அணைக்க விடவில்லை. மத்தியானம் வரை ஓடிக்கொண்டே இருந்தது.

ஆனால் அதில் என்ன தெரிகிறது என்று யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் மானிட்டர் இல்லை. அதை உன்னிடம் கேட்கவே மறந்துவிட்டேன். தம்புசாமி அண்ணன் கடையில் இரண்டு இருக்கிறது. ஒன்று பதினைந்து இன்ச், புதிது. இன்னொன்று பதினேழு இன்ச், யாரோ பேங்கில் பயன்படுத்தியது, ஓரத்தில் கொஞ்சம் மங்கலாம். உனக்கு எது சரிப்படும்? கார் ரேசுக்குப் பெரியதுதான் நல்லது என்று அத்தான் சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன், அம்மாவையும் டாக்சி வைத்துக் கூட்டி வருகிறேன். அதற்குள் இது உன் கைக்கு வந்திருந்தால், மானிட்டரைப் பற்றி அப்போது சொல்லிவிடாதே. அன்றைக்கு வேறு எதையாவது பேசுவோம். இதற்கு நீ கடிதம்தான் போட வேண்டும். நன்றாக யோசித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒருநாள் கழித்துக்கூட எழுது, இரண்டு நாள் கழித்துக்கூட எழுது. வேறு ஏதாவது விவரம் வேண்டும் என்றால் கேட்டு எழுது, நான் கடையில் விசாரித்துப் பதில் போடுகிறேன், நீ மறுபடி எழுதலாம். எதற்கும் அவசரமில்லை. உன் கடிதம் வரும் வரை இரண்டையும் யாருக்கும் விற்காமல் வைத்திருப்பதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

எழுது, பாலா. எப்படியாவது எழுது.

உன் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும்
அக்கா ரமணி